முதுகு அக்காவின் கதிரை

ஒஸ்லோவில் இருக்கும் தமிழர் அத்தனை பேருடைய கோபத்தையும் தராசின் ஒரு தட்டில் போட்டு, மற்றத் தட்டில் முதுகு அக்காவை மட்டும் இருத்தினால் அக்காவின் தட்டுத்தான் கீழே போகும். நான் உடம்பின் பாரத்தைச் சொல்லவில்லை. அதையும் சேர்த்தால் தராசே உடைந்துவிடும்.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ரொம்சோசிலிருந்து பஸ் ஏறிப் புருசெத்துக்கு வந்து, என் வீட்டு வாசலில் நின்று, ஏன் எழுதினாய் என்று கேட்பார். எழுதாவிட்டாலும் வருவார். ஏன் எழுதவில்லை என்று கேட்பார்.

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், இல்லாவிட்டால் கதவை அடித்துச் சாத்துவார்கள். அக்கா முதலில் கத்துவார். பிறகு கதவை அடித்துச் சாத்துவார். அதற்குப் பிறகும் கோபம் மிச்சமிருந்தால் திரும்பி நின்று முதுகைக் காட்டுவார். எப்போதும் மிச்சமிருந்தது. ரி-பான என்கிற சுரங்க ரயிலில் டிக்கட் பார்க்க வந்தவர் தோளில் தட்டினார் என்பதற்காக, யன்னலைப் பார்த்தபடி கையை மட்டும் பின்னால் நீட்டி டிக்கட்டைக் காட்டியவர் அவர். அம்மருட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கில் உப்புக் கூட என்று மேலாளர் ஒருநாள் சொல்லிவிட்டாராம். பிறகு ஒரு கிழமை முழுக்க அந்த மனிதர் அக்காவின் பின்கழுத்தோடுதான் வேலை விஷயம் பேசினார்.

எங்கள் தமிழ்ச் சபை புருசெத்தில் நோர்வேஜியர்களின் தேவாலய மண்டபமொன்றை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்துக் கூடுகிறது. மூன்றாவது வரிசையில், வெப்பமூட்டிக்குப் பக்கத்தில், அக்காவின் கதிரை. பிரசங்கம் பிடிக்காவிட்டால் எழும்பி, கதிரையைத் தூக்கி, மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு இருப்பார். போதகர் பேசும்போது எங்களைப் பார்ப்பதில்லை, அந்தக் கதிரையைத்தான் பார்ப்பார். மனைவிமார் கீழ்ப்படிய வேண்டும் என்று அவர் ஒருமுறை தொடங்கினார். முதல் வசனம் முடியவில்லை, கதிரை திரும்பிவிட்டது. அன்றைக்குப் பிரசங்கம் அதோடு சுருங்கி, நாங்கள் எல்லாரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனோம்.

ஒருநாள் நோர்வேஜியப் போதகர் ஒருவர் விருந்தினராக வந்து பேசினார். நடுவில் கதிரை திரும்பியது. அவர் திகைத்துப்போய் எங்கள் போதகரிடம் குனிந்து என்னவென்று கேட்டார். எங்கள் போதகருக்கு மானப் பிரச்சினை. அது எங்கள் பண்பாட்டில் தாழ்மையின் அடையாளம் என்று சொல்லிவிட்டார். நோர்வேஜியர் மற்றவர்களின் பண்பாட்டை மதிக்கிறவர். அவரும் திரும்பி நின்று மிச்சப் பிரசங்கத்தை முடித்தார். அன்று அதை நேருக்கு நேர் கேட்டது சுவரும், அதில் தொங்கிய தீயணைக்கும் கருவியும் மட்டும்.

நான் அக்காவுக்கு நேர் எதிர். தபால் பொதிகளைத் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை. பொதிகள் கேள்வி கேட்பதில்லை என்பதாலேயே அந்த வேலையில் இத்தனை வருடம் இருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் வயிறு எரியும். அவ்வளவுதான். வாய் திறக்காது. மருத்துவர் குளிசை தந்திருக்கிறார்.

இப்படியிருக்க, சபைக்கு ஜெபராஜ் வந்து சேர்ந்தார். சென்னைக்காரர், கணினிப் பொறியியலாளர், நல்ல மனிதர். அவர் சும்மா இருந்து நான் கண்டதில்லை. என் வயிற்றெரிவு அதோடுதான் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார்: "பிரதர்ஸ், சிஸ்டர்ஸ், நாமெல்லாம் வாங்கினவங்க. இப்ப நாம கொடுக்கணும். ரெண்டு வாரம் ஆப்பிரிக்கா போறோம். ஊழியம் செய்யப் போறோம்."

ஆப்பிரிக்கா என்றதும் எங்கள் சனம் அது ஏதோ ஒரு வீடு மாதிரி நினைத்துவிட்டது. நாங்கள் போகவிருந்தது கென்யாவின் மேற்கில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். ஒரு மாமி என்னைப் பிடித்து, தென்னாபிரிக்காவில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தம்பியைப் "போற வழியிலை ஒருக்கா எட்டிப் பாருங்கோ" என்றார். நான் தலையாட்டினேன். வயிறு எரிந்தது.

திட்டம் இதுதான். சபையார் பிள்ளைகளுக்குச் சப்பாத்துத் தரவேண்டும். நாங்கள் கொண்டுபோய், பிள்ளைகளின் காலைக் கழுவி, சப்பாத்தைப் போட்டுவிட வேண்டும். சப்பாத்துத் தந்த ஒவ்வொருவருக்கும், அதைப் போட்ட பிள்ளையின் படம் ஒன்று வரும். படம் என்றதும் சப்பாத்துகள் குவிந்தன. எங்கள் ஆட்களின் நிலவறைகளைத் துப்புரவாக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. முழங்கால் வரைக்கும் வரும் பனிக்காலச் சப்பாத்து, உள்ளே கம்பளி வைத்த சப்பாத்து, ஒற்றைச் சப்பாத்து. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு புண்ணியவாளர் பனிச்சறுக்குச் சப்பாத்துத் தந்திருந்தார், அடியில் இரும்புத் தகட்டோடு. அவர் தலையில் அதைப் போடாமல் வாங்கி வைத்தேனே என்று இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"பிரதர், நீங்கதான் பேசவே மாட்டீங்க. கேமரா உங்க கையில இருக்கட்டும்" என்றார் ஜெபராஜ். நான் பேசாததால் மறுக்கவும் இல்லை.

முதுகு அக்கா எதற்கு வந்தார் என்பதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். கேட்டதற்கு, "நான் ஒரு ஊழியமும் செய்யப் போகேல்லை. ரெண்டாம் நாளே சோறு சோறு எண்டு அழுவியள். ஆராவது சமைக்கத்தானே வேணும்" என்றார். நாங்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டு விமானம் ஏறினோம். முதுகில் 'சேவை செய்ய வந்தோம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அக்கா போடவில்லை. "சேவை செய்யிறவன் முதுகிலை எழுதிக்கொண்டோ திரிவான்" என்று கேட்டுவிட்டு, தன் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். அந்த மழைக்கோட்டு இரண்டு கிழமையும் அவர் மேலேயே இருந்தது.

போய் இறங்கிய நாளே என் கஷ்டம் தொடங்கியது. பள்ளிக்கூட வாசலில் எங்களைப் பாட்டுப் பாடி வரவேற்றார்கள். கமெராவைத் தூக்கினேன். நடுவில் ஒரு மஞ்சள் முதுகு.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்கோ."

"எதுக்கு?"

"படம் எடுக்க."

"எடுமன். ஆர் வேண்டாமெண்டது?"

தள்ளவில்லை. நாங்கள் சுவருக்கு நிறம் அடித்தோம், படத்தில் முதுகு. வேதாகமக் கதை சொன்னோம், முதுகு. ஜெபராஜ் ஒரு குழந்தையை மடியில் தூக்கிவைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் இடப்பக்கம் நகர்ந்தேன், முதுகும் இடப்பக்கம் நகர்ந்தது. குந்தி இருந்து எடுத்தேன், முதுகும் குந்தியது. அந்த வயதில் அப்படி விரைவாகக் குந்தி எழும்புகிற ஒருவரை நான் கண்டதில்லை. அக்கா மேலும் ஆத்திரம், ஜெபராஜ் மேலும் ஆத்திரம், குளிசையோ முடிந்துகொண்டு வந்தது.

பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவர் மாமா எஸ்தர். அங்கே தாயை மூத்த பிள்ளையின் பெயரோடு மாமா என்று சேர்த்துத்தான் அழைப்பார்கள். எஸ்தர் என்பது அவருடைய மகள், அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. மாமா எஸ்தர் நல்ல ஆங்கிலம் பேசினார். அக்கா அவரோடு நோர்வேஜிய மொழியில் பேசினார். வெளிநாட்டுக்காரர் என்றால் நோர்வேஜிய மொழி விளங்கியாக வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. இரண்டு பேரும் ஒரே அடுப்பில், உப்புக்கும் சப்பாத்தி மாவுக்கும் நாள் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். சண்டைக்குப் பிறகு ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

கால் கழுவுகிற நாள் வந்தது. மைதானத்தில் கதிரைகளை வரிசையாக வைத்து, முன்னால் பிளாஸ்ரிக் பேசின்களில் தண்ணீரும், பக்கத்தில் புதுத் துவாய்களும் வைத்தோம். சுவரோரம் தாய்மார் நின்றார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, எண்ணெய் பூசி மினுங்குகிற முகம். காலில் கறுப்புச் சப்பாத்து. சில சப்பாத்துகள் பழையவை, சில ஒரு அளவு பெரியவை, சிலவற்றின் அடியில் பழைய வண்டி ரயர்த் துண்டு வைத்துத் தைத்திருந்தது. ஆனால் எல்லாம் மினுங்கின. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று தாய்மார் இரவல் வாங்கியாவது பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். மாமா எஸ்தரிடம் பூசுவதற்குக் கறுப்பு மை இருக்கவில்லையாம். சட்டிக்கரியை எண்ணெயில் குழைத்து மகளின் சப்பாத்தைத் தேய்த்ததை அன்று காலையில் அக்கா அடுப்படியில் இருந்து பார்த்திருந்தார்.

ஜெபராஜின் முகம் வாடியது. "என்ன பிரதர், எல்லாரும் ஷூ போட்டுட்டு வந்துட்டாங்க?"

"ஓம்" என்றேன்.

"நம்ம ஆளுங்களுக்கு போட்டோ தரேன்னு சொல்லியிருக்கோமே. சரி, கழட்டச் சொல்லிடலாம். சும்மா போட்டோவுக்குத்தான."

ஆசிரியர் பிள்ளைகளிடம் சொன்னார். முதல் கதிரையில் எஸ்தர். அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். மாமா எஸ்தர் மற்றத் தாய்மாருக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு ஒரு சப்பாத்துப் போட்டுவிட வக்கில்லாதவள் என்று ஊருக்கு முன்னால் சொன்னால் ஒரு தாய் எப்படி நிற்பாளோ, அப்படி நின்றார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கமெராவைத் தூக்கினேன். அதன் திரையில் எஸ்தர் தெரிந்தாள். குனிந்து சப்பாத்தின் வாரை அவிழ்க்கிற சின்னக் கை தெரிந்தது. அடுத்த கணம் எல்லாம் மஞ்சள்.

"போடு சப்பாத்தை" என்றார் அக்கா, எஸ்தரிடம், தமிழில். பிள்ளைக்கு உடனே விளங்கியது.

பிறகு ஜெபராஜின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் என்ன செய்யிறீர்?"

"அக்கா, ஒரு ரெண்டு நிமிஷம் தள்ளி நில்லுங்க. இது ஊழியம்."

"சப்பாத்தோடை வந்த பிள்ளையின்ர சப்பாத்தைக் கழட்டி, தாய் கழுவி விட்ட காலைத் திரும்பக் கழுவி, வேறை சப்பாத்தைப் போடுறதோ ஊழியம்?"

"தாழ்மைக்கு அடையாளம் அக்கா. ஆண்டவரே செஞ்சது."

"ஆண்டவர் கமெராக்காரனையும் கூட்டிக்கொண்டோ போனவர்?"

நான் கமெராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"வீட்டிலை மனுசிக்கு ஒரு கோப்பை கழுவிக் குடுத்திருக்கிறீரோ?"

"எங்க வீட்டுல டிஷ்வாஷர் இருக்குதே, அக்கா" என்றார் ஜெபராஜ். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

"சரி. இந்த மைதானத்திலை ஊத்தைக் கால் ஆருக்கு இருக்கு எண்டு ஒருக்காக் குனிஞ்சு பாரும்."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். பிள்ளைகளின் கால்கள் மினுங்கின. தாய்மாரின் கால்கள் சுத்தமாக இருந்தன. சேவை செய்ய வந்த எங்களுக்குத்தான், செருப்போடு திரிந்து, கணுக்காலுக்கு மேல்வரை செம்மண் அப்பியிருந்தது. ஜெபராஜின் பெருவிரல் இருக்குமிடமே தெரியவில்லை.

அக்கா ஒரு கதிரையைத் தூக்கினார். என் கமெராவுக்கு முதுகு தெரியும்படி பார்த்துத் திருப்பிப் போட்டார். இருந்தார். வலது காலைப் பேசினுக்குள் வைத்தார்.

"கழுவும்."

"அக்கா..."

"ஒஸ்லோவிலை கிழடுகளுக்குச் சமைச்சுக் குடுத்து, காலமை தொடக்கம் பின்னேரம் வரை நிண்டு வீங்கின கால். இதையும் ஆண்டவர்தான் படைச்சவர். கழுவும்."

ஜெபராஜ் முழங்காலில் நின்று கழுவினார். தண்ணீர் செங்கட்டி நிறத்துக்கு மாறியது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு மைதானமே சிரித்தது. மாமா எஸ்தர் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு வந்தார், அவரும் சிரித்துக்கொண்டுதான். துவாயை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஜெபராஜைக் கதிரையில் இருக்கச் சொன்னார். ஜெபராஜ் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டார்.

"எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காலுக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வேலை. நீங்கள் வந்த அன்றே கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் ஓடிக்கொண்டே இருந்தீர்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான்" என்றார் அக்கா, நோர்வேஜிய மொழியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

தாய்மார் தண்ணீர் வார்த்தார்கள், நாங்கள் ஒவ்வொருவராகக் காலைக் கழுவினோம். அக்கா மட்டும் துவாயை மடியில் போட்டபடி, பேசினிலிருந்து காலை எடுக்கவேயில்லை. எஸ்தர் சப்பாத்தோடு நின்று சவர்க்காரம் நீட்டினாள். என் முறை வந்தபோது கமெராவை வைக்க இடமில்லாமல் அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கேயோ ஒரு பொத்தானை ஒரு தரம் அமத்தினாள்.

கொண்டுபோன சப்பாத்து மூட்டைகளை மாமா எஸ்தரும் தாய்மாரும் பொறுப்பெடுத்து, இருந்து பிரித்தார்கள். உதவக்கூடியதை எடுத்தார்கள். பனிக்காலச் சப்பாத்துகள் மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டிலுக்கு நல்லதாம். பனிச்சறுக்குச் சப்பாத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பள்ளிக்கூட வாசல்படியில் ஆணி அடித்து இறுக்கினார்கள். மழைநாளில் காலில் ஒட்டும் சேற்றை அந்தத் தகட்டில் வழித்துவிட்டு உள்ளே போகலாம்.

மறுநாள் அடுப்படியில் அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

"என்னோடை கோபமோ தம்பி?"

"இல்லை அக்கா."

"பொய் சொல்லாதையும். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அவர் வெட்டிக்கொண்டே சொன்னார். "நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை, யுத்தத்துக்குப் பயந்து வீட்டை விட்டிட்டு ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள். சாமான் குடுக்க வெளிநாட்டு ஆக்கள் வருகினம் எண்டு அம்மா என்ர தலையை இழுத்து ரெட்டைப் பின்னல் பின்னி விட்டவ. ரிபன் இல்லை. தன்ர சீலைக் கரையைக் கிழிச்சுக் கட்டினவ. படம் எடுக்க வந்தவன் என்னைப் பார்த்தான். பின்னலை அவிட்டு, கையாலை தலையைக் கலைச்சு விட்டிட்டுத்தான் எடுத்தவன்."

"அம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?"

"வரிசையிலை நிண்டவ. சொன்னால் மா கிடைக்குமோ?" கத்தி கொஞ்ச நேரம் பலகையில் கொத்தியது. "நோர்வேக்கு வந்த புதுசிலை ஒரு மண்டபத்துச் சுவரிலை அந்தப் படத்தைக் கண்டனான். பரட்டைத் தலையோடை நான். அம்மாவுக்குச் சொல்லவேயில்லை. பிள்ளைக்குத் தலை இழுத்து விடாதவள் எண்டு ஊர் உலகம் முழுக்கப் பார்த்திட்டுது எண்டால் அந்த மனுசி செத்திருக்கும். சரி, கதையை விட்டிட்டு வெங்காயத்தை உரியும்."

உரித்தேன். வெங்காயம் என்பதால் கண்ணைத் துடைப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தப் படக்காரன் எந்த நாட்டுக்காரன், இருக்கிறானா செத்தானா, எதுவும் தெரியாது. பொதிகளைத் தரம் பிரிக்கும்போது சில நாட்களில் அவன் நினைவு வரும். அன்றைக்குப் பொதிகள் கொஞ்சம் பலமாகத்தான் விழும்.

ஒஸ்லோவுக்குத் திரும்பியதும் சபை மண்டபத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி. வெளியே பனி, உள்ளே கேக்கும் வடையும் அதிர்ஷ்டச் சீட்டும். எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஜெபராஜ் விளக்கை அணைத்துவிட்டு என் படங்களைத் திரையில் போட்டார். முதுகு. அடுத்தது, முதுகு. அடுத்ததில் முதுகின் ஓரத்தில் யாருடையதோ ஒரு காது. சனம் முதலில் குசுகுசுத்தது, பிறகு சிரித்தது, பிறகு கோபப்பட்டது.

"நான் குடுத்த சறுக்குச் சப்பாத்து எங்கை?" என்று ஒரு குரல் இருட்டில் கேட்டது.

மூன்றாவது வரிசையிலிருந்து பதில் வந்தது. "அது அங்கை வாசல்படியிலை ஊத்தை வழிக்குது. நல்ல சாமான். இன்னொண்டு இருந்தாத் தாரும்."

கடைசிப் படம் எஸ்தர் அமத்தியது. கொஞ்சம் சரிவு, ஓரத்தில் அவளுடைய விரல். நடுவில் பேசினுக்குள் கால் வைத்தபடி அக்கா, பக்கத்தில் மாமா எஸ்தர். அந்தப் பிள்ளை கமெராவைத் தூக்கியபோது அக்கா திரும்பி அவளைப் பார்த்திருக்கிறார். முழு முகம். பல் தெரியச் சிரிப்பு.  வருடக் கணக்காக அவரோடு ஒரே மண்டபத்தில் இருந்தவர்கள் நாங்கள். அக்காவின் கன்னத்தில் குழி விழும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"காணும், லைற்றைப் போடுங்கோ" என்றார் அக்கா.

அக்காவைச் சபையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று சிலர் பிறகு கூடிக் கதைத்தார்கள். யார் போய் அவரிடம் சொல்வது என்ற இடத்தில் கூட்டம் நின்றுவிட்டது. ஜெபராஜ்தான் முடித்துவைத்தார். "விடுங்க பிரதர். அடுத்த தடவை என்ன கொண்டு வரணும்னு மாமா எஸ்தருக்கே போன் பண்ணிக் கேட்டேன். ஒண்ணும் வேணாம், அந்தக் கோபக்கார அம்மாவ மட்டும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. அப்புறம், இனிமே கேமரா வேண்டாம்."

கமெரா போனதால் எனக்கு மண்டபத்தில் கதிரை அடுக்குகிற வேலை தந்தார்கள். கதிரைகளும் கேள்வி கேட்பதில்லை.

இந்தக் குளிர்காலம் அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். ரொம்சோசில் வீட்டில் இருந்தபடி, உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பிள்ளையோடு சண்டை பிடிப்பதாகக் கேள்வி. அவர் வராத இந்த மாதங்களில் பிரசங்கம் நீண்டு நீண்டு போகிறது. தடுக்க ஆளில்லை. போன ஞாயிறு கோப்பி ஆறியே போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருக்கும் முதல் போய்க் கதிரைகளை அடுக்கும்போது, மூன்றாவது வரிசையில், வெப்பமூட்டிக்குப் பக்கத்தில், ஒன்றை மட்டும் மறுபக்கம் திருப்பிப் போட்டுவிடுகிறேன். சத்திரசிகிச்சை செய்த முழங்காலோடு வருகிறவர் அதைத் தூக்கித் திருப்ப வேண்டாமே.